மறுவீட்டு மாப்பிள்ளையும் புஸ்ஸென்ற வண்டியும்

எம்.ரெட்டியபட்டி நல்லமுத்து ஒரு காரியத்தை அடுத்தவரிடம் கேட்டுச் செய்தார் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பருத்தி வியாபாரம் அவருடையது. பருத்தி ஏற்றுகிற லோடு வேன் அவருடையது. அதை ஓட்டுகிற கையும், அதற்கு நோவு வந்தால் வைத்தியம் பார்க்கிற கையும் அவருடையதுதான்.

மகள் பிருந்தாவின் கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு வேன் கரும்புகை தள்ள ஆரம்பித்தது. எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர்களில் ஒன்று போய்விட்டது. அருப்புக்கோட்டையில் அந்த வேலைக்கென்றே கடை போட்டிருப்பவன் ராஜகுரு. வரப்போகிற மாப்பிள்ளையும் அவனேதான். பெண் கொடுக்கிறவர் மாப்பிள்ளை கடை வாசலில் ரிப்பேருக்குப் போய் நிற்பதாவது? வேறு கடைக்குப் போனாலும் மாப்பிள்ளை காதுக்குப் போய்விடும்.

"பழசைப் பிடுங்கிட்டுப் புதுசைச் செருகணும். இதுல என்ன பெரிய வித்தை கெடக்கு" என்று தானே உட்கார்ந்து மாட்டிவிட்டார். புகை நின்றது. மீசையைத் தடவிக்கொண்டு கல்யாண வேலையைப் பார்க்கப் போனார்.

கல்யாணம் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீட்டுக்கு வந்தார்கள். நல்லமுத்துவின் மனைவி சரஸ்வதி கரண்டியைக் கீழே வைக்கவில்லை. நாட்டுக்கோழி, ஆட்டுக்கறி, கருப்பட்டிப் பணியாரம் என்று இலை நிறைந்துகொண்டே இருந்தது. ராஜகுரு மட்டும் ஏதோ பரீட்சைக்கு வந்தவன்போல உட்கார்ந்திருந்தான். கேட்டால் "சரிங்க மாமா", வைத்தால் "போதும் மாமா". இந்த இரண்டைத் தவிர மூன்றாவது வார்த்தை வரவில்லை. காலையில் நல்லமுத்து வேனைக் கிளப்புகிற நேரமாகப் பார்த்து, வாய்க்குப் போன அவன் கை பாதியில் நின்றுவிடும்.

மாப்பிள்ளை முறுக்கு என்று விட்டுவிடலாம்தான். ஆனால் நல்லமுத்துவுக்கு இருப்பது ஒரே மகள். இனி இந்த வீட்டுக்குப் பிள்ளை என்று ஒருவன் உண்டென்றால் அது இவன்தான். பட்டும் படாமலும் இருந்துவிட்டுப் போனால் பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தலையைக் காட்டிவிட்டுப் போகிற விருந்தாளியாகிவிடுவான். அந்தப் பயம் மனிதரை அரித்துக்கொண்டிருந்தது.

கிளம்புகிற அன்று காலையில் பொறுக்கமாட்டாமல் மகளை அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

"ஏத்தா, அவுகளுக்கு இங்க என்னதான் கொறை? உங்கம்மா சமையலு பிடிக்கலையா?"

பிருந்தாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "சமையலெல்லாம் பிடிச்சுத்தான் இருக்கு. நம்ம வண்டி புஸ்ஸு புஸ்ஸுங்குதுல்ல, அந்தச் சத்தந்தான் பிடிக்கலையாம். அதைக் கேட்டா அவுகளுக்குச் சோறு எறங்க மாட்டேங்குது."

"அதைச் சொல்ல வேண்டியதுதான?"

"மாமனாரு வண்டியக் கொறை சொன்னா மரியாதையா இருக்காதாம். நானும் தொடக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளைய ரிப்பேரு பாக்க விட்டா ஊரு என்ன சொல்லும்?"

ஆக, இரண்டு ஆம்பிளைகளும் மரியாதை பார்த்துப் பார்த்து வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். நல்லமுத்துவுக்கும் அந்தச் சத்தம் கேட்காமல் இல்லை. வேனுக்குள்ளே டீசல் புகை வாடை அடித்ததும் தெரியும். வண்டிக்கு வயசாகிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தார். இப்போது மாப்பிள்ளையைக் கூப்பிடலாம் என்றால், எதிரே மொக்கையனின் டீக்கடை. அவன் காதில் விழுந்த சேதி டிக்கெட் எடுக்காமலே பந்தல்குடி வரைக்கும் போய்வரும். வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்து பார்த்தார். ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று கடைசியில் மாப்பிள்ளை முன்னால் போய் நின்றார்.

"மாப்ள, வண்டில என்னமோ சத்தம் வருது. சங்கடமில்லைன்னா ஒரு எட்டு..."

அவர் சொல்லி முடிக்கவில்லை. ராஜகுரு வாட்சைக் கழற்றினான், புது மோதிரத்தைக் கழற்றினான், பெட்டியைத் திறந்தான். பட்டுவேட்டிக்கு அடியில் ஸ்பானர் பை இருந்தது. பிருந்தா முறைத்ததை அவன் பார்க்கவே இல்லை. மாமனாரின் பழைய கைலி ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டு, வேனின் சீட்டைத் தூக்கி எஞ்சினுக்குள் தலையை விட்டான்.

இன்ஜெக்டரைச் சுற்றித் தார் ஊற்றியதுபோல் கரி இறுகிக் கிடந்தது. தட்டித் தட்டி, அசைத்து அசைத்து அதை வெளியே எடுத்தான். அது உட்கார்ந்திருந்த குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான். மூன்றாவது வார்த்தை அப்போதுதான் வந்தது.

"எந்த மடையன் மாமா இதை மாட்டுனது? குழிக்குள்ள கெடந்த பழைய செம்பு வாஷரை எடுக்காம அதுக்கு மேலயே புதுசை வச்சு அமுக்கியிருக்கான். கரியைச் சுரண்டவே இல்ல. அப்புறம் இன்ஜெக்டரு எப்படிப் படிஞ்சு உக்காரும்? சந்து வழியாப் புகை ஏறி ஏறிக் கல்லாப் போச்சு. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தா எஞ்சினையே எறக்க வேண்டியிருந்திருக்கும்."

வாசற்படியில் நின்ற பிருந்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்த மடையன் நாந்தான் மாப்ள" என்றார் நல்லமுத்து.

ராஜகுருவின் காது சிவந்தது. ஒரு நொடிதான். கடையில் இருக்கிற ராஜகுரு வெளியே வந்துவிட்டான், இனி அவனை உள்ளே தள்ள முடியாது. "அப்ப இந்த டார்ச்ச நீங்களே பிடிங்க. இனிமே இப்படிச் செய்யாதீங்க" என்றான்.

கம்பிக் கொக்கியை விட்டுப் பழைய வாஷரைப் பெயர்த்தெடுத்தான். கிரீஸ் தடவிய துணித் துண்டை உருட்டிக் குழியின் அடித் துவாரத்தை அடைத்தான். கரி கீழே விழுந்தால் எஞ்சின் தொலைந்தது என்றான். அடுத்து நீளப் பிரஷ்ஷில் கிரீஸ் தடவச் சொன்னான். நல்லமுத்து தடவிக் கொடுத்தார்.

"அம்புட்டு வேணாம் மாமா. பஜ்ஜிக்கா மாவு முக்குறீங்க? வழிச்செடுங்க."

வழித்தெடுத்தார்.

பிரஷ் திருகித் திருகிக் கரியை ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது. துடைத்தார்கள், மறுபடி தடவினார்கள். அப்படியில்லை, இந்தப் பக்கம், உங்களை யார் அதைத் தொடச் சொன்னது என்று ராஜகுரு விரட்டிக்கொண்டே இருந்தான். தன் வாசலில் எவனும் தன்னை அதட்டிக் கேட்டறியாத நல்லமுத்துவுக்குச் சந்தோஷமாக இருந்தது. நாட்டுக்கோழி அடித்துப் போட்டும் வராத உரிமை இந்தக் கரிக்குள் இருந்து வருகிறதே என்று நினைத்துக்கொண்டார். ஆனாலும் அது வேலை மும்முரத்தில் வந்த உரிமைதானோ என்று ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. கையைக் கழுவியதும் பழையபடி "சரிங்க மாமா" ஆகிவிடுவானோ?

அந்த நேரம் பார்த்து மொக்கையன் தெருவைக் கடந்து வந்தான். பின்னாலேயே டீ குடிக்க வந்தவர்களும் வந்தார்கள்.

"என்னண்ணே, விருந்துக்குன்னு கூட்டியாந்து வேலைக்கு எறக்கிட்டீகளே. மாப்பிள்ளைக்கு நாள் சம்பளம் எம்புட்டு?"

தெரு சிரித்தது. நல்லமுத்துவுக்கு முகம் செத்துப்போனது.

ராஜகுரு தலையை நிமிர்த்தவில்லை. பிரஷ்ஷைத் திருகிக்கொண்டே சொன்னான்.

"நம்ம வீட்டு வண்டியப் பாக்குறதுக்கு எவண்ணே சம்பளம் வாங்குவான்?"

மொக்கையன் அடுப்பில் பால் கிடக்கிறது என்று கிளம்பிப் போனான்.

"மாமா, லைட்ட ஆட்டாதீங்க. குழி தெரியல."

நல்லமுத்து இன்னொரு கையையும் சேர்த்து டார்ச்சைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் குழி தெரியவில்லை. கண்ணைத் துடைக்கலாம் என்றால் இரண்டு கையிலும் கிரீஸ்.