ஒத்துப்போன எண்கள்

மூடியைக் கழற்றி, பெட்டியின் மேல் குனிந்து, கண்ணை மூடி நிதானமாக மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். பிறகு நிமிர்ந்து ஓர் எண் சொல்ல வேண்டும். பூஜ்யம் என்றால் இப்போதுதான் பிடித்த மீன். ஐந்து என்றால் குப்பை. மீன் பொதியும் கூடத்தில் அதுதான் என் வேலை. எல்லோரும் என்னை ‘மூக்கு’ என்றுதான் கூப்பிடுவார்கள். “மூக்கு உள்ள வந்துருச்சு, இனிமே யாரும் மூச்சு விடக் கூடாது” என்று ஐஸ் அள்ளுகிறவர் காலையில் சொல்வார். நானும் சிரித்துவைப்பேன்.

மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்து போனதிலிருந்து எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. சளி இறங்கினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சளி இறங்கியது, அவ்வளவுதான். அறையில் அடுப்பில் வைத்த பால் பொங்கித் தீய்ந்து, புகை கண்ணைக் கரித்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் குழந்தையைப் பார்க்கப் போனபோது அண்ணி அதை என் மடியில் கிடத்தி, உச்சந்தலையை முகர்ந்து பார் என்றாள். முகர்ந்தேன். “ஆமா அண்ணி” என்றேன். எதற்கு ஆமா போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. மாலையில் எலக்ட்ரானிக்ஸ் வகுப்புக்குப் போகும் முன் கையையும் கழுத்தையும் சிவக்கச் சிவக்கத் தேய்த்துக் கழுவுவேன். ஆனாலும் கடைசி பெஞ்சில்தான் உட்காருவேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போனால், மின்விசிறிக்காகப் போனாரா, என்னால் போனாரா என்று வகுப்பு முடியும்வரை மனது அதிலேயே கிடக்கும். என் மேல் மீன் நாற்றம் அடிக்கிறதா என்று கேட்கும் அளவுக்கு அங்கே எனக்கு யாரையும் பழக்கமில்லை.

கூடத்தில் யாரிடமும் சொல்லவில்லை. வேலை போனால் அறையும் போகும், வகுப்பும் போகும். முழு மீனாக வந்தவரை செவுளின் நிறத்தையும் கண்ணின் பளபளப்பையும் பார்த்துச் சமாளித்தேன். பிறகு தோலுரித்து நறுக்கிய துண்டுகளாக வரத் தொடங்கின. துண்டுக்கு ஏது கண்ணும் செவுளும்?

அந்தச் சமயத்தில்தான் இன்ஜினியர் வந்தார். இளைஞர், தலையைச் சொறிந்துகொண்டே பேசுகிறவர். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு ஸ்டிக்கர் கொண்டுவந்திருந்தார். மீன் கெடும்போது வரும் வாயு பட்டால் அதன் மேல்பூச்சு மாறும். பேட்டரி கிடையாது. போனை அருகில் கொண்டுபோனால் அந்த அலையிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு விழித்து ஓர் எண் சொல்லும். போன் விலகியதும் செத்ததுபோல் கிடக்கும். ஒன்றின் விலை ஒரு மிட்டாய்க்குக்கூடக் காணாது. மூடியின் உள்பக்கம் அதை ஒட்டி, நான் முகர்ந்து சொல்லும் எண்ணோடு அது சொல்லும் எண் பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. பொருந்தினால் அடுத்த மாதம் முதல் ஸ்டிக்கரை மட்டும் நம்பிப் பெட்டிகள் கடைக்குப் போகும். எனக்கு வாசலில் நின்று ஸ்டிக்கர் படிக்கும் வேலை தருவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். அதன்பிறகு யாரும் என்னை எதையும் முகரச் சொல்ல மாட்டார்கள்.

வேடிக்கை பார்க்கட்டும் என்று இன்ஜினியரே எங்கள் எல்லோர் போனிலும் அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்திருந்தார். பெட்டிகளை வரிசையில் வைக்கிறவள் நான். அவர் வருவதற்குள் ஏப்ரன் பைக்குள் இருக்கும் போனை ஒவ்வொரு மூடியின் மேலும் ஒரு நொடி காட்டி, எண்ணை மனதில் வைத்துக்கொள்வேன். பிறகு குனிந்து, கண்ணை மூடி, அதையே சொல்வேன். எண்கள் அச்சு அசலாகப் பொருந்தின. இன்ஜினியர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

போன வியாழக்கிழமை புது வகைப் பெட்டி ஒன்று வந்தது. மூடியின் உள்பக்கம், ஸ்டிக்கரைச் சுற்றிலும், பளபளவென்று அலுமினியத் தாள். போனை இரண்டு முறை காட்டிய பிறகே எண் வந்தது. ஒன்று. இப்படி அலையில் விழிக்கும் ஸ்டிக்கர் உலோகத்தை ஒட்டி இருந்தால் தாறுமாறாகக் காட்டும் என்று அந்த வாரம்தான் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அது ஏன் அப்போது ஞாபகம் வரவில்லை என்று இன்னும் யோசிக்கிறேன். மூடியைக் கழற்றினேன், குனிந்தேன், ஆழமாக இழுத்தேன்.

“ஒன்னு” என்றேன்.

நிமிர்ந்தபோது ஐஸ் அள்ளுகிறவர் கதவருகே போயிருந்தார். இன்ஜினியர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். எனக்குப் பக்கத்து மேசையில் எடை போடும், மூக்குக்கண்ணாடி போட்ட அக்கா ஏப்ரனை மூக்கில் அழுத்திக்கொண்டு நின்றாள்.

“என்னடி ஒன்னு? கொடலப் புடுங்குது. விளையாடுறியா?”

நான் மறுபடி குனிந்து மூச்சை இழுத்தேன். அக்கா என்னையே பார்த்தாள். அவள் முகம் மெதுவாக மாறியது. பிறகு இன்ஜினியரிடம் திரும்பி, எனக்கு நாலு நாளாக ஜலதோஷம் என்றும், தான்தான் லீவு போடாதே என்று சொன்னதாகவும் சொன்னாள். கூசாமல் சொன்னாள்.

இன்ஜினியர் ஸ்டிக்கரைப் படிக்கும் தன் கருவியை மூடிக்கு நேரே நீட்டினார். அதுவும் ஒன்று என்றே காட்டியது. மூடியைத் திருப்பி அலுமினியத்தைத் தட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நீங்களும் ஒன்னுன்னுதான சொன்னீங்க?”

அக்கா மேசைக்கடியில் என் கையைக் கிள்ளினாள். அடுத்த மாதம் எல்லாப் பெட்டியும் இப்படித்தான் கடைக்குப் போகும் என்று தோன்றியது. போனை எடுத்து அவர் முன் வைத்தேன்.

“ஜலதோஷம் இல்ல சார். எனக்கு வாசனையே தெரியாது.”

“எந்தப் பெட்டியிலருந்து?”

“முதல் பெட்டியிலருந்து.”

அவர் கவிழ்த்துவைத்த ஒரு கூடையின் மேல் உட்கார்ந்தார். தலையைச் சொறியவில்லை. “அப்ப என் ஸ்டிக்கர் இத்தனை நாளா என் ஸ்டிக்கரோடதான் ஒத்துப்போயிருக்கு” என்றார். பிறகு என் போனையும் எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவர் பேசுவதும் மேனேஜர் எழுந்து நிற்பதும் தெரிந்தன.

“ஜலதோஷம்னு சொன்னேனே, அதப் புடிச்சுக்கக் கூடாதா?” என்றாள் அக்கா. பிறகு குரலை இறக்கி, “என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல. தினமும் பக்கத்துலதான நிக்கிறேன்” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. நாற்றத்தாலா என்று எனக்குத் தெரியாது.

அந்தப் பெட்டியை யாரும் தொடவில்லை. ஐஸ் அள்ளுகிறவர் ஒரு தடவை கிட்டே வந்து, குமட்டி, திரும்பிப் போய்விட்டார். நான் மூடியை வைத்து அழுத்தி, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டேன். குப்பைத் தொட்டி கட்டடத்தின் பின்பக்கம் இருக்கிறது. நீளமான நடைவழியில் போக வேண்டும். எதிரே வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சுவரோடு ஒட்டி நின்று முகத்தை மூடிக்கொண்டார்கள். சிலர் வந்த வழியே திரும்பினார்கள். நான் வாயை மூடி, மூக்கால் நிதானமாக மூச்சு விட்டபடி நடந்தேன். பின்வாசலைத் தாண்டியதும் எங்கிருந்தோ ஒரு சாம்பல் நிறப் பூனை வந்தது. வாலைத் தூக்கிக்கொண்டு, என் காலை உரசி உரசி, தொட்டிவரை கூடவே வந்தது.