காருக்கும் ஒரு கட்டம்

மகன் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் என் பக்கம் திருப்பி வைத்தான். என் தங்கை வீட்டுக்கு நான் போவதற்கு மூன்று கட்டம் போட்டிருந்தான்: ரயில், விமானம், படுக்கை வசதி உள்ள பஸ். எத்தனை மணி நேரம், எங்கே மாற வேண்டும், முட்டிவலிக்காரிக்கு எது தோது என்று ஒவ்வொன்றின் கீழும் விவரமாக எழுதி, ரயிலுக்கு மட்டும் பச்சை அடித்திருந்தான். இவன் அப்பாவும் இப்படித்தான், முடிவை எடுத்துவிட்டு அப்புறம் அபிப்பிராயம் கேட்பார்.

"கார் எங்கடா?" என்றேன்.

"எழுநூத்தி நாப்பது கிலோமீட்டர்மா. விளையாடறியா?"

சுருக்கென்றது எனக்கு. இருபத்து மூன்று வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் நான். இந்த ஊரில் பாதிப் பேர் கியர் மாற்றப் பழகியது என் அதட்டலில்தான், இவன் உட்பட. போன வருடம் ஓய்வு பெற்றபிறகு எனக்கென்று மிஞ்சியது வாசலில் நிற்கிற பழைய வெள்ளைக் கார் ஒன்றுதான். அதையும் விற்க ஆள் பார்த்துவிட்டான். நான் ரயிலேறியதும் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம். மருமகள்தான் துணி மடித்துக்கொண்டே என் காதில் போட்டாள்.

எல்லாம் ஒரு தூணால் வந்த வினை. போன மாதம் கடை வாசலில் என் பக்கக் கதவைத் தூணில் உரசிவிட்டேன். கண்ணு போயிடுச்சு என்று வீடே தீர்ப்பு எழுதியது. டாக்டர் கண்ணாடியைக்கூட மாற்றவில்லை. விஷயம் வேறு. இத்தனை வருடமும் நான் உட்கார்ந்தது ஓட்டுகிறவர் இருக்கையில் இல்லை, பக்கத்து இருக்கையில். அந்தப் பக்கம் ஒரு விரல் இடைவெளியில் சைக்கிள் போனாலும் எனக்குத் தெரியும். ஸ்டியரிங் பக்கம் வண்டி எதுவரை இருக்கிறது என்பதுதான் உடம்பில் ஏறவில்லை. எங்கள் தொழில்காரர்களுக்கு மட்டுமே வருகிற தப்பு இது. சொன்னால் சாக்கு என்பார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டு மூன்று வாரமாகக் காலையில் மைதானத்துக்குப் போய், இரண்டு வாளிகளை வைத்து நடுவில் ஓட்டிப் பழகினேன். அறுபத்து மூன்று வயதில் எனக்கு நானே மாணவி. திட்டவும் செய்தேன். கடைசி ஆறு நாளாக ஒரு வாளியும் விழவில்லை.

"நாலாவது கட்டம் எப்படிடா போடறது?"

மருமகள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து போட்டுக்கொடுத்தாள். "சொல்லுங்க அத்தை."

"ரெண்டு நாள். ஒரு நாளைக்கு முந்நூத்தி எழுபது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் இறங்கி நடப்பேன். இருட்டறதுக்குள்ள ரூமுக்குப் போயிடுவேன். ஸ்டெப்னிக்குக் காத்து பாத்தாச்சு."

"வழியில ஏதாவது ஆச்சுன்னா?" என்றான் மகன்.

"உன் பயத்தச் சொல்லிட்ட. என் பயத்தக் கேட்டியா? காரை வித்துட்டா அடுத்த தெருவுக்குப் போகக்கூட உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கணும். அதுக்கு நான் ஆளில்ல."

அவன் தன் மனைவியைப் பார்த்தான். அவள் நான்காவது கட்டத்துக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு வண்டியைக் கிளப்பினேன். அவன் கேட்டுக்கு நடுவே நின்றான். மறிக்கவா வழியனுப்பவா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. ரிவர்ஸ் போட்டேன். "பாத்து... ஸ்டியரிங்க இன்னும் கொஞ்சம் ஒடி..." என்று கையை ஆட்டினான்.

ஜன்னல் கண்ணாடியை இறக்கினேன். "கைய ஆட்டாத. நகரு."

நகர்ந்தான். நகர்ந்தவன் வேண்டுமென்றே என் பக்கத்துச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டான். நான் வண்டியை நிறுத்தவில்லை. அவன் சட்டைப் பொத்தானுக்கும் என் கதவுக்கும் நடுவே ஒரு கையகலம் இருந்தது. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். திறந்தபோது நான் தெருவில், முதல் கியரில் இருந்தேன்.