காலுக்கு வாத்தியார்

"கடைசிவரைக்கும் நீதானேம்மா கூட இருந்தே? உங்க சித்தப்பா ஒரு தடவைகூட எழுந்து நிக்க முயற்சி பண்ணலையாமே, ஏன்?"

சித்தப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது, அவருடன் படித்த ஒருவர் என்னை ஓரமாக அழைத்துக் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். யார் என்ன கேட்டாலும் தரையைத்தான் பார்ப்பேன். பள்ளிக்கூடம் பாதியில் நின்றதும் அதனால்தான்.

சித்தப்பா பிசியோதெரபிஸ்ட். பக்கவாதத்தில் விழுந்தவர்களை நடக்கவைப்பது அவர் தொழில். யாராவது டாக்டர் என்று கூப்பிட்டால், "நான் டாக்டர் இல்லீங்க, காலுக்கு வாத்தியார்" என்பார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

வீட்டின் முன்னறையில்தான் அவர் வேலை செய்தார். இடுப்பு உயரத்தில் இரண்டு இரும்புக் கம்பிகள், அவற்றின் கோடியில் ஆளுயரக் கண்ணாடி. நோயாளி கம்பிகளைப் பற்றிக்கொண்டு நிற்பார். சித்தப்பா பின்னால் நின்று, "பிடிச்சிருக்கேன், தைரியமா கால எடுத்து வைங்க" என்பார். பிடித்திருக்கமாட்டார். விழுந்தால் தாங்க, கைகள் மட்டும் இடுப்புக்குப் பக்கத்தில் காத்திருக்கும்.

வியர்வை படிந்த கம்பிகளைத் துடைப்பது என் வேலை. நான் படிப்பை விட்டபோது காரணம் கேட்காத ஒரே ஆள் அவர்தான். "வாடி வாயாடி, எனக்கும் பேசாத ஆள்தான் வேணும்" என்று துணியைக் கையில் கொடுத்தார்.

அங்கே வந்தவர்களில் ஒரு தையல்காரர் உண்டு. ஆட்டோ நுழையாத சந்து என்பதால், அவர் மனைவி முனையிலிருந்து அவரை முதுகில் தூக்கிக்கொண்டு வருவார்.

"வாத்தியாரே, அளவெடுக்காம தச்ச காலு இது. ஆல்டர் பண்ணாலும் நிக்காது" என்பார் தையல்காரர்.

"நிக்கும்யா. அடுத்த மாசம் உன் பொண்டாட்டிய நீ தூக்கிட்டு வருவே."

"ஐயோ சார், இவரு என்னைத் தூக்குறதுக்குள்ள எனக்கு மறுபிறவி வந்துடும்" என்று அந்த அக்கா சிரிப்பார். மறுநாளும் தூக்கிக்கொண்டு வருவார்.

மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு தையல்காரர் போய்விட்டார். அதன்பிறகும் அந்த அக்கா எங்களைப் பார்க்க வருவதுண்டு. "இன்னும் ரெண்டு மாசம் இருந்திருந்தா நடந்திருப்பாரு, இல்ல சார்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். சித்தப்பா தலையாட்டுவார்.

பிறகு சித்தப்பாவே விழுந்தார். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சு மட்டும் குழறலாகத் திரும்பி வந்தது. அவரிடம் தொழில் கற்ற ஒருவர் வந்து, "அடுத்த மாசம் நடப்பீங்க சார்" என்றார். சித்தப்பா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என் வசனத்த எனக்கே சொல்றான்" என்றார் சித்தியிடம்.

ஒரு நாள் சித்தி கடைக்குப் போயிருந்தபோது என்னைக் கூப்பிட்டார். "போர்வைய எடு. கட்டைவிரல அசைக்கிறேன், பாத்துச் சொல்லு. மத்தவங்க பொய் சொல்வாங்க."

பார்த்தேன். நெற்றியில் நரம்பு புடைக்க முயன்றார். விரல் அப்படியே இருந்தது. நான் தலையசைத்தேன், இல்லை என்று.

"சரி, மூடு" என்றார். அவ்வளவுதான்.

சித்திக்கு இது தெரியாது. சீக்கிரம் நிற்கப் பழகாவிட்டால் கால் மடங்கியே போய்விடும் என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். கெஞ்சினாள், திட்டினாள், சாப்பிடாமல் கிடந்தாள். கடைசியில் தையல்காரர் மனைவிக்குச் சொல்லி அனுப்பினாள். அந்த அக்கா சொன்னால் சித்தப்பா கேட்பார் என்று நினைத்தாள்.

அந்த அக்கா வந்து கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன சார், ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நீங்க படுத்துக்கிட்டா எப்படி? எந்திரிங்க. நான் பின்னாடி நிக்கிறேன். அவரையே தூக்கினவ, உங்களத் தாங்கமாட்டேனா?"

"வேணாம்க்கா."

"அவருக்கு ஆயுசு இல்ல, போயிட்டாரு. இருந்திருந்தா நடந்திருப்பாருன்னு நீங்கதானே சொன்னீங்க? நீங்களும் நடப்பீங்க."

சித்தப்பா அவர் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"நடந்திருக்கமாட்டாரு. மொத நாளே தெரியும்."

"ஏங்க!" என்ற சித்தி, அக்காவிடம் திரும்பினாள். "நீ ஒண்ணும் நினைச்சுக்காதே, உடம்பு முடியாம ஏதோ உளர்றாரு."

"உளறல. தொட்டுப் பாத்தாலே தெரிஞ்சிடும். என் காலும் அப்படித்தான்."

அக்காவின் கை தானாகவே முதுகுப் பக்கம் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டது. "அப்போ எதுக்கு சார் தினமும் வரச் சொன்னீங்க?"

"வீட்ல அவரு யார்கிட்டயும் பேசறதில்லன்னு சொன்னீங்க. இங்க வந்தா சிரிச்சாரு." ஒரு பக்க உதடு மட்டும் துடித்தது. "அதுக்குமேல என்கிட்ட ஒண்ணும் இல்லக்கா."

சித்தி தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "வாய மூடுங்க, உங்களக் கும்பிடுறேன். எந்திரிக்க வேணாம், ஒண்ணும் வேணாம்." அன்றோடு அவளும் அவரை எழச் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

"அக்கா, ஏதாச்சும் திட்டுங்க" என்றார் சித்தப்பா.

அக்கா எழுந்தார். ஸ்டூலை எடுத்துச் சுவரோரம் வைத்தார். வாசலில் ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு செருப்பைத் தேடினார். நான் எடுத்து அவர் காலடியில் வைத்தேன். என் முகத்தைக்கூடப் பார்க்காமல் மாட்டிக்கொண்டு சந்தில் இறங்கிப் போய்விட்டார்.