அருளப்பன் கல்லறையில் ஒரு விளக்கு

குமரி மாவட்டத்துத் தேவசகாயத்தைப் பாப்பரசர் புனிதராக உயர்த்திய ஞாயிறன்று, சூசையூர்க் கோயிலில் திரை கட்டி ரோமாபுரியை நேரலையில் காட்டினார்கள். ஊரே கைதட்டியது. இன்னாசியும் தட்டினார். எங்கோ தெற்கே பிறந்தவர் புனிதரானால் கல்வராயன் மலையடிவாரத்தில் யாருக்கு என்ன நஷ்டம்?

வினை இரண்டு வருஷம் கழித்து வந்தது. சாமியாரும் இல்லை, சிஸ்டரும் இல்லை, ஒரு குடும்பஸ்தரே புனிதராக முடியுமென்றால் அந்தக் காலத்தில் ஊருக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்த நம் உபதேசியார் அருளப்பனுக்கு என்ன குறைச்சல் என்று ஊரில் யாரோ கிளப்பினார்கள். பேச்சு ஆயர் காதுக்குப் போனது. ஆயர் ரோமாபுரிக்கு எழுதினார். அங்கிருந்து தடையில்லை என்று பதில் வந்தது. ஒரு ஞாயிறு பூசையில் அருளப்பன் 'இறை ஊழியர்' என்று அறிவிக்கப்பட்டார். புனிதர் பட்டத்துக்கு அது முதல் படி.

அன்று இன்னாசிக்குச் சோறு இறங்கவில்லை.

அவருடைய தாத்தா பிச்சைமுத்துவும் உபதேசியார்தான். வெள்ளிமலைப் பக்கம் வாந்திபேதி வந்து சனங்கள் கொத்துக்கொத்தாக விழுந்த வருஷம், இரண்டு பேரும் ஒன்றாகத்தான் மலையேறினார்கள். ஒன்றாகத்தான் கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள், பிணம் புதைத்தார்கள். கடைசியில் நோய் அருளப்பனைப் பிடித்தது. பிச்சைமுத்து அவர் உடலைத் தோளில் போட்டுக்கொண்டு மலையிறங்கி வந்து ஊர்க் கல்லறையில் அடக்கம் செய்தார். பிறகு வெகுகாலம் வாழ்ந்து கிழவராகிச் செத்தார். இரண்டு கல்லறைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

அந்தத் தோளுக்கு மரியாதையாகத்தான் வருஷா வருஷம் திருவிழாத் தேருக்கு முதல் மாலை பிச்சைமுத்து குடும்பத்தின் மாலையாக இருந்தது. முதலில் தாத்தா, அடுத்து அப்பா, அப்புறம் இன்னாசி. இந்த வருஷம் கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவை கூடி, முதல் மாலை அருளப்பனின் பேத்தி ரெஜினாவுக்கு என்று முடிவு செய்துவிட்டது.

"செத்தவரு புனிதரு. தூக்கியாந்தவரு இன்னா, கூலியா?" என்று இன்னாசி வீட்டில் குதித்தார்.

"உங்க தாத்தாவும் மலையிலயே போயிருந்தா நீங்க ஏது, உங்க வீம்பு ஏது? குந்திக்கினு கஞ்சியக் குடிங்க" என்றாள் அவர் மனைவி பாத்திமா.

"ஆயரு கார் நம்ம வாசலத் தாண்டிப் போயி அவ வூட்டுல நிக்குது. காப்பி குடிச்சாராம், காப்பி!"

"நீங்க கூப்ட்டீங்களா?"

கூப்பிடவில்லை. கூப்பிட்டு வருகிற மரியாதை அவருக்குத் தேவையும் இல்லை. ரெஜினாவோ கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீசில் வேலை பார்க்கிறவள். வருகிறவர்களை உட்கார வைத்து, தாத்தாவின் பழைய குடையையும் ஜெபமாலையையும் எடுத்துக் காட்டத் தெரிந்தவள். அந்தக் குடையைப் பார்க்க வேன் வைத்துக்கொண்டு வருகிறார்கள். பிச்சைமுத்துவின் குடை எங்கே போனதென்று இன்னாசிக்கு நினைவில்லை. அதற்கும் சேர்த்து அவருக்கு எரிந்தது.

அந்த நேரத்தில்தான் பங்குச் சாமியார் ஜோஸ்வா பூசையில் ஓர் எச்சரிக்கை செய்தார்.

"யாரும் அவசரப்பட்டு உபதேசியார் கல்லறையில விளக்கேத்தாதீங்க, தொட்டில் கட்டாதீங்க, படத்துக்கு ஒளிவட்டம் போடாதீங்க. பாப்பரசர் சொல்றதுக்கு முன்னாடி நாமளே புனிதர்னு கும்பிட ஆரம்பிச்சா, புனிதர் பட்ட விசாரணையே நின்னு போயிடும். அடுத்த வாரம் ஆயர் குழு கல்லறையைப் பார்க்க வருது."

நின்னு போயிடும். பூசை முடிந்து செருப்பு மாட்டும்போதும் அந்த வார்த்தை இன்னாசியின் வாயில் கற்கண்டாகக் கரைந்துகொண்டிருந்தது.

கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த சமயம். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு டிராக்டர்கள் போய்க்கொண்டிருந்தன. உச்சிவெயிலில் ஊரில் ஆளில்லை. இன்னாசி ஓர் அகலையும் நல்லெண்ணெயையும் மஞ்சள் துணியையும் துண்டில் சுற்றிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். பூவரசுக் கிளையில் துணியைத் தொட்டிலாகக் கட்டினார். அருளப்பனின் தலைமாட்டில் அகலை வைத்தார். மலைக்காற்று விடவில்லை. நின்றுகொண்டு கொளுத்தினார், அணைந்தது. குனிந்து கொளுத்தினார், அதுவும் அணைந்தது. வேறு வழியில்லாமல் முழங்கால் போட்டு, இரு கையாலும் சுடரைப் பொத்தி, மூச்சுக்கூட விடாமல் காத்திருந்தார்.

அரைநாள் லீவு போட்டு ஷேர் ஆட்டோவில் வந்திறங்கிய ரெஜினா, வேலிக்கு வெளியே நின்று அதைப் பார்த்தாள். செல்போனில் ஒரு படம் எடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சத்தமில்லாமல் போய்விட்டாள்.

சாயங்காலம் பாத்திமா போனைக் கொண்டுவந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். பங்கு வாட்ஸ்அப் குழுவில் படம் வந்திருந்தது. கீழே ரெஜினா எழுதியிருந்தாள்: 'இன்னாசி அண்ணனே முழங்காலில்!' அதற்குக் கீழே நூறு கும்பிடு.

"யாருக்கும் வளையாத முதுகு, அங்க மட்டும் எப்டிங்க வளைஞ்சிது?" என்றாள் பாத்திமா.

இன்னாசி போனைத் தள்ளிவிட்டார். கும்பிடவில்லை என்றால், பிறகு எதற்கு ஏற்றினாய் என்று கேட்பார்கள். கும்பிட்டேன் என்றால், பிச்சைமுத்து வீட்டுத் தலை அருளப்பன் காலடியில் விழுந்ததாகிவிடும். இரண்டில் எது கம்மி அவமானம் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

ஆயர் குழு வந்தது. மூத்த குருவானவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் கோயிலின் பின்னறையில் மேசை போட்டு அமர்ந்தார்கள். இன்னாசியைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தி, பைபிள் மேல் கை வைக்கச் சொன்னார்கள். உள்ளே பேசியதை வெளியே சொல்வதில்லை என்றும் உள்ளதையே சொல்வதென்றும் சத்தியம் வாங்கினார்கள்.

"பயப்படாதீங்க பெரியவரே. ஊர் கூடிக் கும்பிடறதுதான் கூடாது. ஒருத்தர் தனியா வேண்டிக்கிறதை திருச்சபை தடுக்கல" என்றார் குருவானவர். "விளக்கேத்தி என்ன வேண்டிக்கிட்டீங்க? கிடைச்சுதா?"

ஆக, விளக்காலும் கேஸ் நிற்கப்போவதில்லை. முழங்கால் வலி என்று ஏதாவது சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். ஆனால் பிச்சைமுத்து பேரன் வேதபுத்தகத்தின் மேல் பொய்ச் சத்தியம் செய்தான் என்று ஆகக் கூடாது. யாருக்கும் தெரியாது என்றாலும் ஆகக் கூடாது.

"வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்தக் கேஸ் நின்னு போவணும்னு ஏத்தினேன்."

எழுத்தரின் பேனா நின்றது.

"அவரை எறக்கியாந்த தோளு எங்க தாத்தாவோடதுங்க, சாமி. அதுக்கு ஒரு மாலை இருந்துது. அதையும் புடுங்கிட்டாங்க."

குருவானவர் அதை எழுதிக்கொள்ளும்படி எழுத்தருக்குக் கை காட்டினார். "சரி. அருளப்பன்கிட்ட ஏதாவது குறை உண்டா? கோபம், குடி, காசு, பெண் விஷயம்? வீட்டில் தாத்தா ஏதாவது சொல்லியிருப்பாரே?"

இன்னாசி தேடினார். மனமாரத் தேடினார். ஒரு சின்ன பொய்ப் பேச்சு, ஒரு வாய்த்தகராறு, ஏதாவது அகப்படாதா? அருளப்பன் பேரை எடுக்கும்போதெல்லாம் தாத்தா தோளிலிருந்து துண்டை எடுத்ததுதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது.

"இல்ல" என்றார்.

குருவானவர் முகம் மலர்ந்தது. "இதுவரைக்கும் வந்தவங்க எல்லாரும் புகழ்ந்துட்டுப் போனாங்க. வெறும் புகழை ரோமாபுரியில் நம்ப மாட்டாங்க. கெடுக்க வந்தவராலயே ஒரு குறை சொல்ல முடியலன்னா, அதுதான் சாட்சி. எழுதிக்குங்க."

"அத்த எழுதாதீங்க சாமி!"

"எழுதியாச்சு. கையெழுத்துப் போடுங்க."

இன்னாசி பேனாவை வாங்கவில்லை. "தாத்தா தூக்கியாந்தது?"

"அதுவும் இருக்கு. பிச்சைமுத்துன்னு பேரோட."

"இனிஷியல்?"

எழுத்தர் நிமிர்ந்தார்.

"ச. பிச்சைமுத்து. இனிஷியலோட எழுதுங்க. மொட்டையா எழுதினா ரோமாபுரியில யாரோன்னு நெனைப்பாங்க."

எழுதியதைக் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டார்.

வெளியே ரெஜினா காத்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, இந்த வருஷமும் முதல் மாலை நீங்களே போடுங்க. எங்க தாத்தாவ நீங்களே கும்பிட்டதுக்கு அப்புறம் எனக்கு இன்னாண்ணா வீம்பு? பேரவையில நான் பேசிக்கிறேன்."

கேட்டது கைக்கு எட்டும் தூரத்தில் வந்து நின்றது. வாங்கினால் அவள் போட்ட பிச்சை. அதுவும் கும்பிட்டதற்குக் கூலி. உண்மையைச் சொல்லலாமென்றால் சத்தியம் வாயைக் கட்டியிருந்தது.

"நீ குடுத்து நான் வாங்கறதா? நீயே போடு" என்றார்.

"கோபமாண்ணா?"

"எனக்கென்ன கோபம்? உங்க தாத்தா மேல ஒரு குறையும் இல்ல." சொன்ன பிறகுதான், சத்தியமில்லாமலே அதை மறுபடி சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. விடுவிடுவென்று நடந்துவிட்டார்.

கல்லறைத் தோட்டத்தில் அகலும் தொட்டிலும் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தன. அருளப்பன் கல்லறை சட்டப்படி வெறுமையாகக் கிடந்தது. பக்கத்தில் பிச்சைமுத்துவின் தலைமாட்டில் சாமந்திச் சரம் ஒன்றும், பாதி எரிந்த மெழுகுவர்த்தியும். பாத்திமாவின் வேலை. இன்னாசி பதறிப்போய்ச் சரத்தை எடுத்தார். மெழுகை நகத்தால் சுரண்டினார். ஒட்டியிருந்த கரியைத் துண்டால் துடைத்துத் துடைத்து, கல் பளிச்சென்று ஆன பிறகே எழுந்தார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கத்தினார்: "எங்க தாத்தா கல்லறையில பூ வெக்கிற வேல, மெழுகுவத்தி கொளுத்தற வேலயெல்லாம் இன்னியோட நிறுத்து!"

"ஏங்க, இன்னாத்துக்கு?"

"ரோமாபுரியில அவரு பேரு இனிஷியலோட ஏறிக்கினு இருக்குது. நாளைக்கி ஒருநா அவருக்கும் ஆள் வரும். அப்ப வந்து பாக்கறவன் ஒரு குத்தம் சொல்லக் கூடாது."