பழைய பெயரின் வருகைப்பதிவு

ஒரு விடுகதை. பிறக்கும்போது அது உன்னிடம் இல்லை. நீ கேட்காமலே வந்து சேர்ந்தது. உன்னுடையதுதான், ஆனால் உன்னைவிட மற்றவர்கள்தான் அதை அதிகம் புழங்குவார்கள். நீ தூங்கும்போது யாராவது அதைத் தொட்டால் நீ எழுந்துவிடுவாய். அது என்ன?

என் அக்கா மகளிடம் சனிக்கிழமை மத்தியானம் இதைக் கேட்டேன். அவளுக்கு ஏழு வயது.

"பேரு" என்றாள், மாங்கொட்டையைச் சப்பிக்கொண்டே. "இதுகூடத் தெரியாதா சித்தி?"

விடை சரி. அந்த விடை அப்போது எங்களுக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தது.

அது செழியனின் பழைய பெயர். எங்கள் சட்டக் கல்லூரியில் ஒருவர் பெயரை மாற்றிக்கொண்டால் பழைய பெயர் உடனே போய்விடுவதில்லை. கொஞ்ச நாள் வகுப்புக்கு வரும். பிறகு அலுத்துப்போய், தானே ஒரு வேலையைத் தேடிக்கொண்டு போகும். எனக்கு இரண்டு வருடம் முன்னால் படித்த ஒரு திருநங்கையின் பழைய பெயர் இப்போது ஒரு மீன்பிடிப் படகுக்கு இருக்கிறது. பொங்கலுக்குத் தவறாமல் வாழ்த்து அட்டை போடுகிறது.

செழியனின் பழைய பெயருக்கோ சட்டம் பிடித்துப்போயிற்று. அதிலும் ஒப்பந்தச் சட்டம். தன் இனிஷியலைக் கைப்பைபோல் தோளில் மாட்டிக்கொண்டு காலை ஒன்பது இருபதுக்கே வந்துவிடும். பெண்கள் பக்கம் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, பேராசிரியர் இருமினால்கூடக் குறித்துக்கொள்ளும். வகுப்பில் பாதிப்பேர் அதனிடம்தான் நோட்டு வாங்கிப் பிரதி எடுத்தார்கள்.

செழியன் இரண்டாம் ஆண்டு மாணவன். திருநம்பி. பிறந்தபோது பெண் என்று எழுதிவிட்டார்கள், அவன் ஆண். சென்ற ஜனவரியில் அரசிதழில் அவன் புதுப் பெயர் வந்தது. கல்லூரி அலுவலகம் அன்றைக்கே அதை வருகைப்பதிவேட்டில் ஏற்றியது. நடுவில் இடமில்லாததால் கடைசியில், அறுபத்தொன்றாம் எண்ணாக. பழைய பெயர் இருபத்து மூன்றாம் எண்ணிலேயே இருந்தது. பதிவேட்டைத் திருத்தி எழுத ஜூன் மாதம் வர வேண்டும்.

தினமும் இருபத்து மூன்றாவது பெயரைக் கூப்பிடும் முன் செழியன் தண்ணீர் குடிக்க வெளியே போவான். பழைய பெயர் "இருக்கேன் சார்" என்று சொல்லும். அறுபத்தொன்றுக்குள் அவன் திரும்பி வந்து, தானும் "இருக்கேன் சார்" என்பான். ஒரு பருவம் முழுக்க இப்படியே போனது. அதுவரை யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

ஏப்ரலில் வகுப்புகள் முடிந்தன. ஹால் டிக்கெட் வாங்கச் செழியன் அலுவலகத்துக்குப் போனான். எங்கள் மாணவர் மன்றத்தின் செயலாளர் என்ற முறையில் நானும் கூடப் போனேன். கண்காணிப்பாளர் துரைக்கண்ணு பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார்.

"ஒரு சேர்க்கைக்கு ஒரு வருகைதான் தம்பி. முதல்ல யாரு குரல் குடுக்கறாங்களோ அவங்களுக்குப் போயிடும். இருபத்து மூணு முன்னாடி வருது, அறுபத்தொண்ணு பின்னாடி வருது. நான் என்ன பண்ண?"

"நான் தினமும் வந்தேனே சார்."

"வந்தீங்க. நானே பார்த்தேன். ஆனா உங்க வருகை சைபர். அதோடது தொண்ணூத்தாறு சதவீதம்."

"அப்ப பரீட்சையை யாரு எழுதறது?"

"அதுதான் எழுதும். நல்லாப் படிக்குதுல்ல?"

அவர் கெட்டவர் இல்லை. அரசிதழ் வந்த நாளிலிருந்து செழியனைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார். ஆனால் பதிவேடு பதிவேடுதான்.

செழியன் ஹால் டிக்கெட் வைக்க ஜிப் போட்ட கண்ணாடி பிளாஸ்டிக் பை ஒன்று வாங்கி வைத்திருந்தான். தன் பெயர் அச்சான முதல் ஹால் டிக்கெட்டை வெளியே தெரியும்படி பிடித்துக்கொண்டு பரீட்சை மண்டபத்துக்குள் நடக்க வேண்டும் என்பது அவன் ஆசை. முதல் பரீட்சை அடுத்த வாரம் வியாழக்கிழமை. அது தவறினால் ஒரு வருடம் போகும். அந்தக் காலிப் பையை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

அன்று புதன்கிழமை, ஆகவே மன்றம் கூடியது. பால்புதுமை மாணவர் மன்றம் என்பது எங்கள் முழுப்பெயர். பெண்ணை நேசிக்கும் பெண்கள், ஆணை நேசிக்கும் ஆண்கள், திருநங்கைகள், திருநம்பிகள், இன்னும் யோசித்துக்கொண்டிருப்பவர்கள், சமோசாவுக்காக வருகிறவர் ஒருவர் என்று பத்தொன்பது பேர். சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு மேலே உள்ள அறையில் கூடுவோம். பரீட்சை நெருங்கினால் எல்லோரும் எல்லோருக்கும் பாடம் சொல்லிக்கொடுப்போம். மழை வந்தால் எல்லோரும் கீழே போய் எல்லோருடைய சைக்கிளையும் நகர்த்துவோம்.

எங்களுக்கு இரண்டு விதிகள்தான். யாருடைய பழைய பெயரையும் யாரும் சொல்லக் கூடாது. புதிதாக யார் வந்தாலும் டீயைக் கையில் கொடுத்து, "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று கேட்க வேண்டும்.

பழைய பெயரும் கூட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தது. செழியன் வந்தால் பின்னாலேயே அதுவும் வரும். நாற்காலி போடாமல் இருப்பது மரியாதையில்லை என்று கதவருகே ஒன்று போட்டிருந்தோம். செழியன் அதற்கு முதுகைக் காட்டி உட்காருவான்.

தலைவி ஜோவிட்டா இறுதியாண்டு படிக்கிறாள். காய்ச்சல் வந்தால்கூட மூன்று பத்தியில் மனு எழுதி விடுதியில் கொடுப்பவள். செழியன் சொன்னதைக் கேட்டுவிட்டு, "கவலைப்படாதடா, ஒரு மனு போட்டா முடிஞ்சது" என்று பேனாவைத் திறந்தாள்.

கதவருகிலிருந்து பழைய பெயர் லேசாகத் தொண்டையைச் செருமியது. பெயர்கள் தம்மைச் சூட்டியவரின் குரலில்தான் பேசும். அது செழியனின் பெரிய அத்தையின் குரலில் பேசியது.

"இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது. கூப்பிட்டாங்க, சொன்னேன். நானே விலகிக்கறேன்."

எல்லோரும் செழியனைப் பார்த்தோம். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் மனுவை எடுத்துக்கொண்டு போனோம். துரைக்கண்ணு நிதானமாகப் படித்தார். திங்கட்கிழமை பத்து மணிக்கு மாதிரி நீதிமன்றக் கூடத்தில் விசாரணை என்று குறித்தார்.

"விலகிக்கிறது நல்லதுதான். ஆனா யாரு விலகறாங்கன்னு இருக்கே. வாசல்ல நின்னு பேர் சொல்லி மூணு தடவை கூப்பிடணும், அது வந்து நிக்கணும். அதுக்கப்புறம்தான் எதுவும். நீங்க சங்கடப்பட வேணாம், நானே கூப்பிடறேன். என் குரல் வாசல் கேட் வரைக்கும் கேக்கும்."

"வேணாம் சார்" என்றான் செழியன். "அதை அப்படிச் சத்தமா மூணு தடவை கேக்கறதுக்குப் பதிலா நான் இந்த வருஷத்தை விட்டுடறேன்."

வேறு வழிகளைப் பார்த்தோம். எண்ணைச் சொல்லிக் கூப்பிடலாமா என்று கேட்டாள் ஜோவிட்டா. எண்ணுக்குக் காது இல்லை என்றார் அவர். பொதுவாகக் கூப்பிட்டுப் பார்ப்போம் என்று நடைபாதையில் நின்று அவளே "பெயரே!" என்று குரல் கொடுத்தாள். நாற்பத்தொரு பெயர்கள் திரும்பிப் பார்த்தன. ஒவ்வொன்றுடனும் ஒரு மாணவர் சேர்ந்து திரும்ப வேண்டியிருந்தது. எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு மேலே போனோம்.

அன்று மாலை நடவடிக்கைக் குறிப்பேட்டை முடித்து வைக்க உட்கார்ந்தேன். ஜனவரியிலிருந்து பதினோரு கூட்டங்கள். ஒவ்வொரு பக்கத்திலும், வந்தவர் ஒவ்வொருவருக்கும் எதிரே 'எப்படிக் கூப்பிட வேண்டும்' என்று ஒரு கட்டம் உண்டு. கதவருகே இருந்த நாற்காலிக்கு எதிரே பதினோரு கட்டங்களும் காலி.

"ஜோ அக்கா, நாம அதைக் கேக்கவே இல்ல."

ஜோவிட்டா குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தாள். "கூட்டத்துக்கு ரெண்டுன்னு இருபத்திரண்டு டீ குடுத்திருக்கோம்" என்றாள். "கேள்வியைக் கேக்கல."

அவளே டீயை ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?"

பழைய பெயர் டீயை ஜன்னல் விளிம்பில் வைத்தது. "என்னை வச்சுத்தான் மத்தவங்களைக் கூப்பிடுவாங்க" என்றது. "என்னை எப்படிக் கூப்பிடறதுன்னு யாரும் கேட்டதில்ல. யோசிக்கணும்."

துரைக்கண்ணுவிடம் ஓடிப்போய்க் கேட்டோம். அதற்கு விதி இருந்தது. "எந்தப் பேருக்குத் திரும்பிப் பாக்குதோ, அதுதான் பேரு."

ஆகவே அதற்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. மன்றத்தில் ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். அது ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்தது. தோள்பக்கம் பிடிக்கிறது என்றது, கழுத்தில் அரிக்கிறது என்றது. என் காதலி பர்வீன் கொடுத்த பெயர் ஒரு மணி நேரம் தாங்கியது. பிறகு அதையும் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

அப்போதுதான் செழியன் முதன்முறையாக நாற்காலியை அதன் பக்கம் திருப்பினான். பிஸ்கட் தட்டைத் தள்ளி வைத்தான்.

"கான்ட்ராக்ட் வகுப்புல சார் மிஸ்டேக் பத்தி மூணு கேஸ் சொன்னாரே, எழுதி வச்சிருக்கியா?"

"எழுதியிருக்கேன். கையெழுத்து உன்னோடதுதான்."

"தெரியும்" என்றான் அவன். "பசங்க நோட்டு கேக்கறப்ப பார்த்தேன்."

வெள்ளிக்கிழமை மாலைவரை பெயர் அமையவில்லை. என் அக்கா மகளைப் பற்றி நான்தான் சொன்னேன். அவள் பெயர் வைப்பதில் கைதேர்ந்தவள். அவளுடைய சைக்கிளுக்குப் பரமசிவம் என்று பெயர். எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி பத்மா டீச்சர். மாடிப்படியில் பன்னிரண்டு படிக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. எதற்கும் பெயர் இதுவரை கழன்று விழுந்ததில்லை. அதனால்தான் வார இறுதிக்குப் பழைய பெயரை வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் அதோடு உட்கார்ந்தாள். 

"உனக்கு எத்தன பல்லு விழுந்திருக்கு?"

"பல் இல்ல."

"பயம்?"

"கூப்பிட மாட்டாங்களோன்னு ஒரு பயம் உண்டு."

அவள் தலையாட்டிக் குறித்துக்கொண்டாள். முப்பது பெயர்களுக்கு மேல் சொல்லிப் பார்த்தாள். அது ஒவ்வொன்றையும் கண்ணாடி முன் நின்று பார்த்துவிட்டு, பணிவாகக் கழற்றி வைத்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"கடையில இருக்கிறது எதுவும் சேராது சித்தி. இதுக்குப் போட்டுப் பழகினதுதான் வேணும்."

திங்கட்கிழமை அக்காவுக்கு வங்கியில் வேலை. பள்ளிக்கு விடுமுறை. அதனால் அக்கா மகளையும் கல்லூரிக்கு அழைத்துப் போனேன். மாதிரி நீதிமன்றக் கூடத்துக்கு மன்றத்தார் எல்லோரும் வந்திருந்தார்கள், சமோசாக்காரர் உட்பட. செழியன் கண்ணாடிப் பையை விரித்து மடித்து விரித்ததில், அதன் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்துவிட்டது.

துரைக்கண்ணு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு வாசலில் நின்றார். பதிவேட்டை அக்குளில் வைத்துக்கொண்டார்.

"சரி. யாரைக் கூப்பிடறது?"

பத்து மணி ஐந்து நிமிடம். பத்தே காலுக்கு அவர் புத்தகத்தை மூடிவிடுவார்.

என் அக்கா மகள் என் கையை விட்டுவிட்டு வெளியே நடைபாதைக்குப் போனாள். பழைய பெயர் அங்கே தூணில் சாய்ந்து நின்றிருந்தது. அவள் அதைக் குனியச் சொல்லி, அதன் காதில் ஏதோ சொன்னாள்.

"அப்ப உனக்கு?" என்று அது கேட்டது எனக்குக் கேட்டது.

"எனக்கு லீவுதானே. லீவுல எங்கம்மா என்னை 'ஏய்'னுதான் கூப்பிடுவா."

அவள் திரும்பி வந்து துரைக்கண்ணுவிடம் மெதுவாகச் சொன்னாள். அவர் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு, மூச்சை இழுத்துக் கூப்பிட்டார்.

"அல்லி! அல்லி! அல்லி!"

தூணருகே நின்றது திரும்பிப் பார்த்தது. என் அக்கா மகள் திரும்பிப் பார்க்கவில்லை.

"இருக்கேன் சார்" என்றது அல்லி, என் அக்காவின் குரலில். உள்ளே வந்து நின்று, இருபத்து மூன்றிலிருந்து விலகிக்கொள்வதாகச் சொன்னது. துரைக்கண்ணு பதிவேட்டைத் திறந்து மேசைமேல் வைத்தார். இருபத்து மூன்றாம் வரியிலிருந்த தொண்ணூற்றாறு, அங்கே யாரும் இல்லாததால் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கியது. முப்பத்தெட்டில் சற்று நின்று இளைப்பாறியது. பிறகு அறுபத்தொன்றுக்கு வந்து சேர்ந்து, அங்கிருந்த சைபரை ஓரமாக நகர்த்திவிட்டு உட்கார்ந்தது.

பத்தே முக்காலுக்கு ஹால் டிக்கெட் அச்சாகி வந்தது. செழியன் அதிலிருந்த பெயரை மனதுக்குள் ஒரு முறையும், வாய்விட்டு ஒரு முறையும் படித்தான். பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தான். அல்லி தன் நோட்டுகளை எல்லாம் அவனிடம் கொடுத்தது. ஜோவிட்டா குறிப்பேட்டில் கதவருகே இருந்த நாற்காலிக்கு எதிரே பெயரை எழுதி, பதினோரு கட்டங்களையும் நிரப்பினாள். பர்வீன் சமோசா வாங்கப் போனாள்.

துரைக்கண்ணு இன்னும் பதிவேட்டை மூடவில்லை.

"ஒண்ணு இருக்கும்மா" என்று என் அக்கா மகளைப் பார்த்துச் சொன்னார். "இருபத்து மூணு காலியாயிடுச்சு. காலியா விட்டா மேலிடத்துல கேப்பாங்க. நீயும் பேரில்லாம வாசல் கேட்டைத் தாண்ட முடியாது. அதுகிட்டயிருந்து பேரைத் திருப்பி வாங்கிக்கிறியா, இல்ல பேருக்குப் பதிலா இந்த நம்பரை எடுத்துக்கிறியா?"

அவள் அல்லியைப் பார்த்தாள். பிறகு எதிரே இருந்த வகுப்பறைக்குப் போய், பெண்கள் பக்கம் முதல் பெஞ்சில் ஏறி உட்கார்ந்து, கால் தரையைத் தொடுகிறதா என்று பார்த்தாள். தொடவில்லை.

என் அக்கா மகள் இருபத்து மூன்றை எடுத்துக்கொண்டாள்.