நாடி பார்த்த கை

அம்மா தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்களை ஏற்றிக்கொண்டு காரை ஓட்டிக்கொண்டிருந்தவர் அதே ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். வருஷக்கணக்காக அவர் ஸ்ட்ரெச்சரை இறக்குவார், அம்மா அவரை அதட்டுவாள். அவ்வளவுதான் பழக்கம். போன வாரம் அவர் திடீரென்று, "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டுவிட்டார். அம்மா "யோசிக்கணும்" என்றாள்.

தூர தேசத்தில் இருக்கும் அவருடைய மகன், தன்னோடு வந்துவிடும்படி நச்சரித்துக்கொண்டிருந்தான். இன்று அவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பின்சீட்டில் இருந்த எனக்கு இதெல்லாம் அத்துப்படி. அவர் கட்சியில் இருந்த ஒரே ஆள் நான்தான்.

"இவர் ஆம்புலன்ஸ் ஓட்டினார்னா யார் நம்புவாங்க? சைக்கிள்காரன் நம்மைத் தாண்டிப் போறான்" என்றாள் அம்மா.

"பின்னாடி நோயாளி இல்லையே, சிஸ்டர்."

"கல்யாணம் கேட்டிருக்கீங்க, இன்னும் சிஸ்டர்தானா அங்கிள்?" என்றேன். அவர் காது சிவந்தது.

நாங்கள் போய்க்கொண்டிருந்தது, ஒருமுறை வழி தவறியபோது அவர் கண்ணில் பட்ட ஒரு பழைய கிறிஸ்தவச் சிற்றாலயத்துக்கு. அம்மா சம்மதித்தால் கல்யாணம் அங்கேதான் என்று என்னிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தார். கார் போகாத மேட்டில் இருந்தது. பக்கத்துப் பண்ணை வீட்டில் சாவி வாங்கிக்கொண்டு ஏறினோம். சுற்றிலும் புல், சாய்ந்து நின்ற சில கல்லறைக் கற்கள், தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயப் போன ஆடுகள்.

வாசல் தாழ்வானது. நெடுநெடுவென்று வளர்ந்த டிரைவர் நெற்றியை நன்றாக இடித்துக்கொண்டார். உள்ளே ஏழெட்டு பெஞ்சுகள், வெள்ளையடித்த கல் சுவர், பழங்காலக் கண்ணாடி வழியே நெளிநெளியாக வந்த வெயில். மேட்டுக்குக் கீழே ஓடிய ஓடையின் சத்தம் உள்ளே வரை கேட்டது.

மேடேறியதில் அவருக்கு மூச்சு வாங்கியது. அம்மா அவரை பெஞ்சில் உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, மணிக்கட்டைப் பிடித்தாள்.

அவர் முகம் மலர்ந்தது. இன்னொரு கையையும் அவள் கைமேல் வைத்து, "ரொம்ப சந்தோஷம், சிஸ்டர். பையன்கிட்ட வரலைன்னு சொல்லிடறேன்" என்றார்.

"கையை எடுங்க. நாடி பார்த்திட்டிருக்கேன்ல?"

எனக்கே எங்கேயாவது ஓடி ஒளியலாம் போலிருந்தது. அவர் மெல்ல எழுந்து, "மன்னிச்சிடுங்க" என்றார். இந்தத் தடவை தலையைக் குனிந்தபடியே வெளியே போனார்.

அம்மா பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "துடிப்பு எகிறுது அவருக்கு. அங்க போனா யார் பார்த்துப்பாங்க?" என்றாள்.

"அங்கயும் ஆஸ்பத்திரி இருக்கும்மா."

"வாயை மூடு."

வெளியே போன் அடித்தது. அம்மா சட்டென்று எழுந்து போனாள். நானும் பின்னாலேயே போனேன். அவர் குட்டையான சுற்றுமதில்மேல் உட்கார்ந்து, அடிக்கும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பையன்தான். என்ன சொல்றதுன்னு தெரியலை."

அம்மா போனை வாங்கினாள். "தம்பி, டிக்கெட் எல்லாம் போடாதப்பா. அப்பா வரலை. என்கூட இருக்கப் போறார். யாரா? அந்த ஆஸ்பத்திரி நர்ஸ்... ஓ, என்னைப் பத்தி அப்படியா சொல்லியிருக்கார்? சரி, சரி. நான் விசாரிச்சுக்கறேன்."

போன் அவர் கைக்குத் திரும்பி வந்தது.

"வீட்டுல எனக்கு ராட்சசின்னு பேர் வச்சிருக்கீங்க போல?"

"அது ஆரம்பத்துலங்க..."

"அப்புறம்?"

அவர் நெற்றியில் இடித்த இடத்தைத் தடவினார். அம்மா மதிலைத் தட்டினாள். "சரி, தள்ளி உட்காருங்க. எனக்கும் கால் வலிக்குது."

நான் ஆடுகளைப் பார்க்கப் போனேன்.