பட்டை மாட்டாத கண்ணாடி

விடிகாலையில் மாரடைப்பில் போய்விட்ட தம்பியின் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தபோதுதான், பட்டறையில் கண்ணாடி மாட்டக் கார் விட்டிருந்த கார்க்காரர் தன் பெருந்தன்மையைக் கூடத்துக்கே அறிவிப்பது அக்காவின் காதில் விழுந்தது.

"கை நடுங்கியிருக்கும், பாவம். முன் கண்ணாடியில விரிசல் விட்டுட்டாரு. அறுபது வருஷத்துக் கண்ணாடி, இனிமே தேடினாலும் கிடைக்காது. போகட்டும், செத்த மனுஷன் மேல என்ன கோபம். நான் மன்னிச்சுட்டேன்."

எவ்வளவு பெரிய மனசு என்றார் ஒருவர். இன்னொருவர் எழுந்து நாற்காலி கொடுத்தார். கார்க்காரரும் கூச்சப்படாமல் உட்கார்ந்துகொண்டார். அக்காவுக்கு உள்ளங்காலிலிருந்து பற்றிக்கொண்டு வந்தது.

பழைய கார்களுக்குக் கண்ணாடி கழற்றி மாட்டும் தொழில் அக்காவும் தம்பியும் சேர்ந்து செய்தது. வீட்டின் பின்னாலேயே பட்டறை. ஒற்றை ஆளால் ஆகாத வேலை அது. கண்ணாடியைச் சுற்றிய ரப்பரின் காடிப் பள்ளத்தில் கயிற்றைச் செருகி, சோப்புத் தண்ணீர் தடவி, அவள் காருக்குள் உட்கார்ந்து கயிற்றை இழுப்பாள். அவன் வெளியே நின்று உள்ளங்கையால் தட்டிக்கொடுப்பான். நேற்று சாயங்காலம் அப்படித்தான் அந்தக் கண்ணாடி உட்கார்ந்தது. ஒரு கீறல் கிடையாது. ரப்பரைச் சுற்றி ஓடும் பளபளப்புப் பட்டையை மட்டும் அவன் சுவரில் மாட்டிவைத்துவிட்டான். ரப்பர் ஒரு நாள் படியாமல் பட்டையைத் திணித்தால் கண்ணாடி தாங்காது என்பதில் அவன் பிடிவாதக்காரன். நாளைக்குக் கார் கண்காட்சி இருக்கிறது, இன்றைக்கே முடி என்று கார்க்காரர் குதித்தார்.

"உங்க அவசரம் ரப்பருக்குத் தெரியாதுங்க," என்று சொல்லிவிட்டு அவன் சோப்புக் கையைத் துடைத்துக்கொண்டான்.

அக்கா எழுந்து பட்டறைக்குப் போனாள். சுவரில் பட்டை இல்லை. அது ரப்பருக்குள் பாதி நுழைந்து, மீதி வளைந்து தொங்கிக்கொண்டிருந்தது. பட்டை நுழைந்து நின்ற இடத்திலிருந்து கண்ணாடியில் விரிசல் ஓடியது. கீழே ஒரு ஸ்க்ரூடிரைவர். தம்பி பட்டை வேலைக்கு இரும்பைத் தொடவே மாட்டான், மரக்குச்சிதான். காலையில் வீடே அழுதுகொண்டிருந்தபோது, காரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வருகிறேன் என்று இந்த மனிதர் பின்பக்கம் போனது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

பிணம் கிடக்கிற வீட்டில் பட்டை மாட்டப் பார்த்திருக்கிறார். அதுகூடப் போகட்டும். தானே உடைத்துவிட்டு, வாய் திறக்க முடியாதவன் தலையில் பழியைப் போட்டு, அவனை மன்னிக்கவும் செய்கிறாரே. என்ன நெஞ்சழுத்தம்.

பட்டையை உருவி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"இது நேத்து சாயங்காலம் சுவத்துல இருந்துச்சு. விடியறதுக்குள்ள என் தம்பி போயிட்டான். இதை ரப்பருக்குள்ள திணிச்சது யாருங்க?"

கார்க்காரர் பட்டையைப் பார்த்தார், பிறகு தன் கால்விரலைப் பார்த்தார்.

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்? நான்தான் பெருசு பண்ணலையே."

"நான் பண்றேன்."

"விடுங்க அண்ணி, அவரை எடுத்துட்டுப் போக வண்டி வந்துருச்சு," என்றாள் தம்பி மனைவி. சொல்லிவிட்டுப் பட்டையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "அவரு இப்படி வளைக்க மாட்டாரே," என்றாள்.

நாற்காலி கொடுத்தவர் கார்க்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவசரத்துல... நான்தான் கொஞ்சம்..." என்று இழுத்தார் கார்க்காரர்.

"என்கிட்ட சொல்லாதீங்க. நீங்க மன்னிச்சது அவனைத்தானே, அவன்கிட்ட சொல்லுங்க," என்றாள் அக்கா. "எல்லாருக்கும் கேக்கற மாதிரி மன்னிச்சீங்க. இதையும் அப்படியே சொல்லுங்க."

கார்க்காரர் எழுந்து இரண்டடி வந்து தம்பியின் காலருகே நின்றுவிட்டார். வாசலில் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. நேரமாகிறது என்று டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"வண்டியை அணைச்சுடுங்க," என்றாள் அக்கா. "இங்க ஒருத்தர் பேச வேண்டியிருக்கு."

டிரைவர் திரும்பிப் போனார். என்ஜின் நின்றது.